எர்த்

குத்தாயிசி. மார்ச். காலை ஏழு பத்து.
ஒன்பது மாடிக் குடியிருப்பின் பின்முற்றத்தில்
என் ஓப்பல் ஆஸ்ட்ரா ஒரே ஒரு சொல் சொல்கிறது:
டக்.
மறுபடி திருப்பினால் மறுபடி
டக்.
அதற்கு மேல் பேச்சில்லை.

பானெட்டைத் தூக்கும் சத்தம் கேட்டால் போதும்,
எங்கள் முற்றத்தில் ஆண்கள் முளைத்துவிடுவார்கள்.
ஓமாரி வீட்டுச் செருப்போடு. பத்ரி வாயில் பிரஷோடு.
லிஃப்டுக்குக் காசு போட மனமில்லாமல்
ஏழு மாடி இறங்கி, மூச்சிரைக்க ஜும்பேர்.
"பாட்டரி செத்துவிட்டது, லம்ஸிரா.
இருநூற்று ஐம்பது லாரிக்குத் தருகிறேன்" என்றான் பத்ரி.
பாட்டரி விற்பவன் வேறென்ன சொல்வான்.
"ஸ்டார்ட்டர்" என்றான் ஓமாரி.
"பிளக்" என்றார் ஜும்பேர்,
இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை,
ஆனாலும் என்ன உறுதி!

டயாலிசிஸ் வார்டில் எனக்குப் பதினாறு வருஷம்.
தோள் வலிக்கிறது என்று வருவார்கள்,
கோளாறு பித்தப்பையில் இருக்கும்.
சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வேன்.
அழுகிற இடத்தை அப்படியே நம்பிவிட மாட்டேன்.

முதலில் ஹாரன் அடித்தேன்.
ஐந்தாம் மாடி ஜன்னல் ஒன்று திறந்து என்னைச் சபித்தது.
சரி, தெம்பு இருக்கிறது.
மல்டிமீட்டரின் சிவப்பு முள் பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில்:
பன்னிரண்டு புள்ளி ஆறு.
சாவி திருப்பும்போதும் பெரிதாய் இறங்கவில்லை.
செத்தவனுக்கு இவ்வளவு ரத்த அழுத்தமா, பத்ரி?

பிறகு கறுப்பை மைனஸ் முனையிலேயே விட்டு
சிவப்பை எஞ்சினின் வெற்று இரும்பில் அழுத்தினேன்.
"திருப்பு" என்றேன் ஓமாரியிடம்.
டக்.
ஏறத்தாழப் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில்
ஏழு வோல்ட்.

"போவதெல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது" என்றேன்,
"திரும்பி வரத்தான் வழியில்லை."

(யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஸாஸா போலந்தில் லாரி ஓட்டுகிறான்,
நாலு வருஷம், மாதம் தவறாமல் பணம்,
மூன்று பேருக்கும் தெரியும்.
நான் மின்சாரத்தைப் பற்றித்தான் சொன்னேன்.)

ஈரத் தரையில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்து
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு பார்த்தால்
எஞ்சினையும் பாடியையும் சேர்க்கும் செம்புப் பின்னல்
பச்சை பூத்து, நூல் நூலாய் இற்று,
மூன்று இழையில் தொங்குகிறது.
ஹாரனுக்கும் விளக்குக்கும் அந்த வழி தேவையே இல்லை.
எஞ்சினுக்கு அதை விட்டால் நாதி இல்லை.

ஜம்பர் கேபிளின் ஒரு வாயை மைனஸைக் கடிக்க விட்டேன்,
மறு வாயை எஞ்சினின் தூக்குக் கொக்கியை.
சாவி.
ஒரு இருமல். பிறகு ஓட்டம்.
முற்றத்துப் புறாக்கள் மொத்தமாய் எழுந்தன.

"எர்த்தாகத்தான் இருக்கும் என்று அப்போதே நினைத்தேன்"
என்றார் ஜும்பேர்.
பத்ரி வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.
ஓமாரி, இரண்டு வருஷமாய்ச் செங்கல்மேல் நிற்கும்
தன் நீவாவின் வயிற்றிலிருந்து
ஒரு பின்னலைக் கழற்றி வந்து தந்தான்.
அணைத்தேன். மைனஸைக் கழற்றினேன்.
இரும்பு பளிச்சென்று பல்லைக் காட்டும்வரை
உப்புத்தாளால் தேய்த்தேன், இறுக்கினேன்,
மேலே வாசலின் பூசினேன்.
வார்டில் இருந்து வந்த வாசலின், அதைக் கேட்காதீர்கள்.

மைனஸைத் திரும்ப மாட்டும் கடைசித் திருகலில்
பத்தாம் நம்பர் சாக்கெட் கைநழுவியது.
உள்ளே இரும்பில் மோதுவது கேட்டது,
ஒன்று, இரண்டு, கொஞ்சம் பொறுத்து மூன்று.
தரையில் விழுந்தது கேட்கவில்லை.
மூன்று பேரும் குனிந்து தேடினோம்.
மூன்று பேருக்கும் மூன்று இடம் தோன்றியது.

எட்டு மணிக்கு ஷிப்ட்.
போகட்டும் என்று கிளம்பிவிட்டேன்.
ரியோனிப் பாலத்தைத் தாண்டும்போது
எங்கோ அடியில் உருண்டுகொண்டு
ஒவ்வொரு வளைவிலும் அது
ஒரு அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வருகிறது.